பிரெஞ்சுக்காரரின் முதல் மனைவி

பிரெஞ்சுக்காரரின் முதல் மனைவியை மாஸ்டர் சிவப்புப் பேனையால் வெட்டினார்.

ஸ்காபுறோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு கோப்பிக் கடை. சனிக்கிழமை முற்பகல். கண்ணாடிக்கு வெளியே பனி கரைந்து, வீதியில் போட்ட உப்போடு சேர்ந்து, சாம்பல் நிறக் கஞ்சியாகக் கிடந்தது. மேசையில் நான் தட்டெழுதிக் கொண்டுபோன மூன்று பக்கங்கள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை முகத்தருகே பிடித்து வாசித்தார். ஊரில் கணிதம் படிப்பித்தவர். இப்போது எதைக் கொடுத்தாலும் திருத்துவார். கடையின் விலைப்பட்டியலில்கூட ஒரு பிழை கண்டுபிடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"பிள்ளை, உந்தப் பந்தி வேண்டாம்."

"ஏன் அண்ணை?"

"குடும்பம் குடும்பமாச் சனம் வரும். மனுசியை விட்டிட்டுப் போனவர், அவ தன்னைத்தானே சுட்டவ எண்டெல்லாம் சொன்னால் ஆருக்குச் சாப்பாடு இறங்கும்?"

"நடந்ததுதானே?"

"நடந்ததெல்லாம் கலை விழாவில சொல்லுறதில்லை."

மாஸ்டர் எங்கள் சங்கத்தின் தலைவர். சங்கத்தின் பெயரை விடுகிறேன். ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, இந்த நகரத்தில் ஏறக்குறைய அதே பெயரில் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொரு மாசியிலும் ஒரு பகல் விழா. அந்த ஆண்டு 'உலக இசை மேதைகள்' என்று தலைப்பு வைத்தார்கள். பியானோ வாசிக்கக்கூடிய ஆளைத் தேடியபோது நான் ஒருத்திதான் அகப்பட்டேன். சங்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் எட்டாம் தரச் சான்றிதழோடு வாசிப்பை நிறுத்திவிட்டு மருத்துவம் படிக்கப் போய்விட்டார்கள்.

பத்து நிமிடம் பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கை. ஆறு நிமிடம் அவருடைய இசைத் துண்டு ஒன்று. எனக்குத் தந்த வேலை அவ்வளவுதான்.

பேனை போய்க்கொண்டிருந்தது. தகப்பன் கலகக்காரரோடு சேர்ந்து சிறைக்குப் போனது, வெட்டு. தாலி கட்டாமல் ஒரு பெண்ணோடு பல வருடம் குடித்தனம் நடத்தியது, வெட்டு. வங்கிக்காரர் ஒருவரின் மனைவியோடு போனது, இரண்டு வெட்டு. அந்த மனைவிக்கும் இவருக்கும் கலியாணத்துக்கு முன்னமே பிறந்த மகளின் மேல் மட்டும் மாஸ்டருக்கு இரக்கம் வந்தது. 'கலியாணத்துக்கு முன்' என்பதை அடித்துவிட்டு, பிள்ளையை விட்டுவைத்தார்.

மூன்று பக்கம் அரைப் பக்கமாயிற்று. பிறந்தார், கஷ்டப்பட்டார், இசையமைத்தார், இறந்தார். எங்கள் சங்கத்து அஞ்சலிக் கூட்டங்களில் யாருக்கு வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

"இன்னொண்டு," என்றார் மாஸ்டர், பேனையை மூடியபடி. "அன்ரன் தம்பி முன்வரிசையில இருப்பார். வசந்தியும் வருவா. நீர் உந்தக் கதையைச் சொன்னால் சனம் வேற மாதிரி எடுக்கும்."

"நான் பிரெஞ்சுக்காரரைப் பற்றித்தானே சொல்லுறன்?"

"அது எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியாது."

அந்த அரைப் பக்கத்தை மட்டும் வாசிப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

அன்ரன் சங்கத்தின் செயலாளர். அதற்கு முன்பு பத்தொன்பது வருடம் என் கணவர்.

பெயர் ஏன் இல்லை

பிரெஞ்சுக்காரருக்குப் பெயர் இல்லையா என்று வாசகர்கள் கேட்பீர்கள். இருக்கிறது. அன்று அந்தக் கோப்பிக் கடையில் மாத்திரம் மாஸ்டர் அதை ஐந்து விதமாக உச்சரித்தார். ஒன்று சிங்களப் பெயர் போலவும், ஒன்று இருமல் மருந்து போலவும் இருந்தன. விழா அழைப்பிதழில் ஆறாவது விதமாக அச்சிட்டார்கள். ஏழாவதை நான் சேர்க்க விரும்பவில்லை.

அழைப்பிதழில் அவருக்கு 'இம்ப்ரெஷனிச இசையின் தந்தை' என்ற பட்டமும் இருந்தது. அந்தச் சொல்லை ஒட்டினால் அவருக்குக் கோபம் வரும் என்று நான் வாசித்த புத்தகம் சொல்கிறது. புகையும் மூட்டமுமாக வரைகிற ஓவியர்களின் பெயரைத் தன் இசைக்கு ஏன் வைக்கிறார்கள் என்று எரிச்சல்பட்டாராம். மாஸ்டரிடம் சொன்னேன்.

"பட்டத்தை வேண்டாம் எண்டு சொன்ன மனிசனை நான் இதுவரைக்கும் காணேல்லை," என்றார்.

அவர் கண்ட மனிதர்கள் அப்படி.

நான்கு பேர் தூக்கும் பொருள்

இந்த இசை என் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்லவேண்டும்.

மகள் ஷெரினுக்கு ஆறு வயதானபோது ஒரு பழைய பியானோ வாங்கினோம். சுவரோடு சேர்த்து நிறுத்துகிற வகை. அன்ரனின் சினேகிதர்களில் மூன்று பேர் பிள்ளைகளுக்குப் பியானோ வாங்கிவிட்டார்கள். நாங்கள் வாங்காவிட்டால் எங்கள் பிள்ளை எப்படி மனிதராகும்? முதல் நாளே அதன் மேல் எங்கள் கலியாணப் படம் ஏறியது. மறுநாள் வேளாங்கண்ணி மாதா ஏறினார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு சான்றிதழ்.

எட்டாம் தரத்துக்கு வாசிக்கவேண்டியவற்றில் பிரெஞ்சுக்காரரின் துண்டு ஒன்று இருந்தது. ஷெரின் அதை ஆறு மாதம் தட்டச்சுப் பழகுவதுபோல வாசித்தாள். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு கேட்பேன். வேறு துண்டுகள் வாசிக்கும்போது பிழை எங்கே என்று எனக்கே தெரியும். இதில் தெரியாது. எங்கே தொடங்குகிறது, தாளம் எங்கே விழுகிறது, ஒன்றும் பிடிபடாது. ஒரு சுரம் அடங்குமுன் அடுத்தது அதற்குள் கரையும். பைப்பை மூடிவிட்டு நின்று கேட்டிருக்கிறேன்.

சோதனை முடிந்தது. ஷெரின் பியானோவை மூடினாள். பல்கலைக்கழகத்துக்கு ஒட்டாவா போனாள். அடுத்த பங்குனியில் அன்ரனும் போனார்.

போகும்போது அவர் சொன்ன காரணம் ஒன்றுதான். "உன்னோட ஒண்டையும் கதைக்கேலாது. உனக்கு ஒரு ரசனை இல்லை."

ரெக்ஸ்டேலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் பன்னிரண்டு வருடம் நின்றபடி வேலை செய்தவள் நான். அங்கே ரசனைக்கு இடைவேளை கிடையாது.

சோபாவைக் கொண்டுபோனார். தொலைக்காட்சியைக் கொண்டுபோனார். அரிசி அவிக்கும் மின்சாரப் பானையைக்கூட கொண்டுபோனார். பியானோவை விட்டுவிட்டார். அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும். அவருக்கு உதவிக்கு வந்தது இரண்டு பேர்.

இப்படித்தான் நான் இசைக்கு வந்தேன். விழாவில் மாஸ்டர் என்னை அறிமுகப்படுத்த எழுதிய குறிப்பில் 'சிறு வயது முதலே இசையில் நாட்டம்' என்று இருந்தது.

ஒரே ஒரு துண்டு

ஷெரினின் பழைய ஆசிரியை மிஸ் லியோங் இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஹொங்கொங்கிலிருந்து வந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். எந்தத் தரத்துக்குப் படிக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். தரம் வேண்டாம், இந்த ஒன்றை மட்டும் வாசிக்கவேண்டும் என்றேன். அது முடியாது என்றார். பிறகு என் விரல்களைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்.

அந்த ஒன்றுக்கு நான்கு வருடம் போனது.

இரண்டாவது வருடத்தில் நூலகத்திலிருந்து பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துவந்து, வேலைக்குப் போகும் பஸ்ஸில் அகராதியோடு வாசித்தேன். தகப்பன் பீங்கான் கடை வைத்திருந்து நொடித்தவர். பிள்ளை இசைக் கல்லூரியில், வாசிக்கக்கூடாத சுரக்கூட்டங்களை வாசித்து ஆசிரியர்களிடம் வாங்கிக் கட்டினார். எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று.

பிறகு நடுப்பக்கங்கள் வந்தன. முதல் மனைவி ஓர் உடுப்புக் கடையில் புது உடுப்புகளைப் போட்டுக் காட்டும் வேலை செய்தவர். ஐந்து வருடமளவில் பிரெஞ்சுக்காரருக்கு அவர் அலுத்துப்போனார். மனைவிக்கு இசை விளங்காதாம். அவருடைய குரலைக் கேட்கவே பொறுக்காதாம். வங்கிக்காரரின் மனைவி நன்றாகப் பாடுவார், நன்றாகப் பேசுவார். பிரெஞ்சுக்காரர் அங்கே போய்விட்டார். முதல் மனைவி பாரிஸ் வீதியில் துப்பாக்கியால் தன்னைத்தானே நெஞ்சில் சுட்டுக்கொண்டார்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடினேன். இறங்கவேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மூன்று கிழமை பியானோவைத் தொடவில்லை. எங்கள் அன்ரனையே பிரெஞ்சு மொழியில் எழுதிவைத்ததுபோல இருந்தது. இந்த மனிதனின் பாட்டையா நான் இரண்டு வருடமாகக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு திரிந்தேன்?

மிஸ் லியோங்கிடம் போய்க் கதையைச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். அந்த மனிதர் செத்துப்போனார், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், இரண்டாம் பக்கத்தை எடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எடுத்தேன். சமாதானமாகி எடுத்தேன் என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் அதை வாசிக்கும்போது இடையில் ஓர் இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வரும். கோபத்தோடு வாசித்தால் அந்த இடம் நன்றாக வருகிறது. அதுவும் எனக்குப் பிடிக்காது.

வாங்கில் ஒரு முகம்

அன்ரன் போய்ச் சேர்ந்தது வசந்தியிடம். வசந்தி வீடு விற்கும் முகவர். கலியாண மண்டபங்களில் பழைய சினிமாப் பாட்டும் பாடுவார். பிரெஞ்சுக்காரரின் கதைக்குப் பொருந்தவேண்டும் என்று நான் இதை அமைக்கவில்லை. இருவரும் ஸ்ரௌவ்வில்லில் புதிதாகக் கட்டிய வீடொன்றில் குடியேறினார்கள். அங்கே வெள்ளை நிறப் பெரிய பியானோ ஒன்று தெரு பார்க்கும் யன்னலோடு இருக்கிறது, அது தானாகவே வாசிக்கும், விருந்தாளி வந்தால் அன்ரன் ஒரு பொத்தானை அமத்துவார் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். ரசனை உள்ள வீடு.

வசந்தியின் முகம் ஸ்காபுறோ முழுக்கப் பஸ் தரிப்பிட வாங்குகளில் விளம்பரமாக இருந்தது. 'உங்கள் கனவு இல்லம், என் பொறுப்பு.' எங்கள் தெரு மூலையிலும் ஒன்று. நான் தினமும் அந்த முகத்தில் சாய்ந்து உட்கார்ந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். இடம் வேறு இருந்தாலும் அங்கேதான் உட்காருவேன். தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதை ஒருமுறை சுவாமியிடம் சொன்னேன். வாங்கு உட்காருவதற்குத்தானே என்றார்.

பிரெஞ்சுக்காரர் மனைவியை விட்டபோது பாரிசில் அவருடைய சினேகிதர்கள் பலர் கதவைச் சாத்திவிட்டார்கள். வீதியில் கண்டால் முகத்தைத் திருப்பினார்களாம். அவர் பெரிய இசைக்காரர், அப்படியிருந்தும் செய்தார்கள்.

அன்ரன் விட்டபோது எங்கள் சங்கம் அவரைச் செயலாளராக்கியது. ஸ்ரௌவ்வில்லில் வீடு பெரியது, கூட்டம் வைக்க வசதி என்றார்கள்.

பாரிசில் தமிழிசை

வாழ்க்கையை வெட்டியதால் விழுந்த இடைவெளியை மாஸ்டரே நிரப்பினார். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீர் எழுதினதில ஒரு பெரிய விசயம் கிடக்கு. நீர் கவனிக்கேல்லை."

"என்ன அண்ணை?"

"பாரிஸ் கண்காட்சியில அவர் யாவாத் தீவுக்காரரின்ர வாத்தியத்தைக் கேட்டு அசந்து போனவர் எண்டு எழுதியிருக்கிறீர். யாவா ஆற்ற இடம்?"

"யாவாக்காரரின்ர இடம்."

"சோழர் போன இடம்! அப்ப அவர் கேட்டது என்ன? எங்கட இசை. அவர் போட்ட புது இசையின்ர வேர் எங்க? தஞ்சாவூர்!"

கண்காட்சிக்கும் சோழருக்கும் நடுவே எத்தனையோ நூற்றாண்டு கிடக்கிறதே என்றேன். கணிதம் படிப்பித்தவர் அல்லவா, "அதைக் கழிச்சுப் பாக்கலாம்," என்றார். இன்னும் ஒரு கிழமை கிடைத்திருந்தால் பிரெஞ்சுக்காரருக்குச் சாதகம் எழுதி நட்சத்திரமும் சொல்லியிருப்பார்.

அன்று பின்னேரம் ஷெரினுக்குத் தொலைபேசி எடுத்துப் புலம்பினேன். அவள் இப்போது ஒட்டாவாவில் அரசாங்க வேலை.

"அம்மா, டாட் வருவாரா?"

"செயலாளர் வராமல்?"

"சும்மா போய் வாசிச்சிட்டு வாங்கோ அம்மா. பெரிசாக்காதேங்கோ, டோன்ற் மேக் இற் எ திங். ப்ளீஸ்."

சரி என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

பதின்மூன்று பொன்னாடைகள்

விழா மண்டபத்தில் பியானோ இல்லை. சினிமாப் பாட்டுக்காரர் கொண்டுவருகிற மின்சாரக் கீபோட் ஒன்று தந்தார்கள். காலால் மிதிக்கும் கட்டை ஒவ்வொரு மிதிக்கும் நிலத்தில் வழுக்கி மேடை விளிம்புக்குப் போனது. பிரெஞ்சுக்காரரின் இசையில் பாதி அந்த மிதியில்தான் இருக்கிறது. மேசை விரிப்பு ஒட்டும் ரேப் நாடாவை வாங்கி நானே முழங்காலில் நின்று ஒட்டினேன். சேலையோடு.

முதலில் குத்துவிளக்கு. பிறகு இரண்டு நாட்டுக் கீதங்கள். பிறகு தலைவர் உரை; பிரெஞ்சுக்காரர் தஞ்சாவூர்க்காரரானார், சனம் கை தட்டியது. பிறகு பொன்னாடைகள். பதின்மூன்று எண்ணினேன். போர்த்தியவருக்குப் போர்த்தினார்கள், போர்த்தப்பட்டவர் திரும்பிப் போர்த்தினார். அன்ரனுக்கு ஊதா நிறத்தில் ஒன்று. நேரம் ஓடி, என் முறை வந்தபோது பின்னால் சாப்பாட்டுத் தட்டுகளின் ஈயத்தாளை உரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டுக்கறி வாசம் மேடைக்கு வந்தது.

என்னை அறிமுகப்படுத்தவேண்டியவர் மாஸ்டர். அவர் புகைப்படத்துக்கு நின்றதால் செயலாளர் ஒலிவாங்கியை எடுத்தார்.

"அடுத்ததாக, எங்கட நீண்டகால அங்கத்தவர் ஸ்ரெல்லா," என்றார் அன்ரன். மாஸ்டரின் குறிப்பைப் பார்த்தார். 'சிறு வயது முதலே' என்ற இடத்தில் சிரித்தார். "எனக்குத் தெரிஞ்ச காலத்தில இவவுக்கும் இசைக்கும் தூரம். பாட்டுப் போட்டால் குறைக்கச் சொல்லுவா. இப்ப பாருங்கோ. படிக்கிறதுக்கு வயசில்லைத்தானே?"

சனம் சிரித்தது. கெட்ட சிரிப்பு அல்ல. அந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் ஒலிவாங்கியை வாங்கும்போது அவருடைய கை என் கையில் பட்டது. பழைய வாசனைத் தைலம், மாற்றவேயில்லை.

மாஸ்டர் அனுமதித்த அரைப் பக்கத்தைப் பிரித்தேன். பிறந்தார் என்று வாசித்தேன். கஷ்டப்பட்டார் என்று வாசித்தேன். பிறகு தாளை மடித்துக் கீபோட்டின் மேல் வைத்தேன்.

வெட்டிய பந்தி

"அவருக்கு முதல் ஒரு மனுசி இருந்தவ," என்றேன்.

எழுதிய தமிழில் சொல்லவில்லை. வீட்டில் கதைப்பதுபோலவே கதைத்தேன். அவ உடுப்புக் கடையில் வேலை செய்தவ, அவருடைய கஷ்ட காலத்தில் கூட இருந்தவ. பெயர் வரத் தொடங்கியதும் அவருக்கு அவவின் குரல் பிடிக்காமல் போய்விட்டது. இசை விளங்காத மனுசி என்று சொல்லி, பாடத் தெரிந்த, வசதியான இன்னொருவரோடு போய்விட்டார். இவ வீதியில் தன்னைத்தானே சுட்டவ.

மூன்றாவது மேசையில் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா கையை உயர்த்தாமலே கேட்டார். "ஐயோ, பெட்டை தப்பினவளோ?"

"தப்பினவ அன்ரி. குண்டை எடுக்கேலாமல் போச்சு. சாகுமட்டும் உடம்புக்குள்ளதான் இருந்தது."

"அவனை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டவை. சினேகிதர்மார் கன பேர் அவரோட கதைக்கிறதை விட்டிட்டினம்."

எங்கள் ஊரையும் பாரிசையும் நான் ஒப்பிடவில்லை. ஒப்பிடவேண்டியிருக்கவில்லை. நூற்றைம்பது தலைகள் முன்வரிசைக்குத் திரும்பின. அன்ரன் ஊதாப் பொன்னாடையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பக்கத்தில் வசந்தி நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கணத்துக்காக எட்டு வருடம் காத்திருந்தேன் என்று எழுதினால் பொய்யில்லை. அது இனிக்கும் என்று நினைத்திருந்தேன். முதலில் இனித்தது, மறுக்கமாட்டேன். அடுத்த நிமிடம் அந்தப் பாரிஸ் பெண்ணை நினைத்தேன். யாரோ ஒருத்தி, தன் குண்டைத் தன் உடம்பில் சுமந்தவள். அதை நான் எடுத்து ஸ்காபுறோ மண்டபத்தில் என் கணக்குக்குச் சுட்டுவிட்டேன். நாக்குக் கசந்தது.

ஆகவே மிச்சத்தையும் சொன்னேன். முதலாம் உலக யுத்தத்தில் பிரெஞ்சுக்காரர் புற்றுநோயில் கிடந்து செத்தபோது பாரிசின்மேல் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. சனமில்லாத வீதியால், கடைகள் பூட்டிக்கிடக்க, ஒரு சில பேர்தான் பெட்டிக்குப் பின்னால் போனார்கள். அவர் செல்லம் கொடுத்து வளர்த்த மகளும் ஒரு வருடத்தில் காய்ச்சலில் போய்விட்டாள்.

இதை விளக்கவேண்டிய சனம் இல்லை அது. ஷெல்லுக்குள் பிரேதம் எடுப்பது எப்படி என்று அந்த மண்டபத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். கரண்டிச் சத்தம் நின்றது. அந்த அன்ரி ரோலைத் தட்டில் வைத்துவிட்டு, "பாவம், அவரும்," என்றார்.

நான் இருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

சாம்பல் நிறக் கார்

நன்றாக வாசித்தேன் என்று சொல்ல ஆசை. இரண்டாம் பக்கத்தில் இடதுகை தடுக்கியது. ரேப் கழன்று கட்டை மறுபடி நகரத் தொடங்கியது. கால் நீளும்வரை துரத்தினேன். ஆனாலும் சனம் கேட்டது. நடுவில் தண்ணீர் ஓடுவதுபோல வந்து, ஓய்ந்து, முதல் சுரங்கள் மெல்லத் திரும்பி வரும் ஓர் இடம் உண்டு. விரல் சுரக்கட்டையில் படுகிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது. நான்கு வருடத்தில் ஒன்றரை வருடம் அந்த அரைப் பக்கத்துக்குத்தான் போனது.

சரியாக அங்கே மாஸ்டர் ஒலிவாங்கியை எடுத்தார்.

"வெளியில ஒரு சாம்பல் நிறக் கார். லைற் எரிஞ்சுகொண்டு நிக்குது. ஆற்றையெண்டால் தயவுசெய்து…" இலக்கத் தகட்டின் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். இரண்டு முறை. கணிதம் படிப்பித்தவர், ஒரு இலக்கமும் பிழைக்கவில்லை.

நான்கு பேர் எழும்பி ஓடினார்கள். சாம்பல் நிறக் கார் இல்லாதவர் யார் இந்த நகரத்தில்? கதிரைகள் உரசின. சாப்பாட்டு வரிசை தானாகத் தொடங்கிவிட்டது. மிச்சத்தை ஆட்டுக்கறிக்கு வாசித்து முடித்தேன்.

இறங்கும்போது மாஸ்டர் நினைவுக் கேடயத்தை என் கையில் வைத்துவிட்டு, பல்லைக் கடித்தபடி புகைப்படத்துக்குச் சிரித்தார். "பிள்ளை, நீர் எனக்குத் தந்த வாக்கு?"

"அண்ணை, நீங்கள் வெட்டினது தாளில. எனக்கு மனப்பாடமாக இருந்தது."

கேடயத்தில் என் பெயரைப் பிழையாகப் பொறித்திருந்தார்கள்.

புத்தகத்தில் இல்லாதது

சாப்பாடு முடிந்து சனம் வெளிக்கிட்டது. மண்டபக்காரர் இருவர் மேசைகளின் காலை மடக்கி உருட்டிக்கொண்டு போனார்கள். நான் மேடையில் குந்தியிருந்து நிலத்தில் ஒட்டிய ரேப்பை நகத்தால் சுரண்டினேன்.

"அக்கா."

நிமிர்ந்தேன். வசந்தி. முழுநீளக் குளிர்கால கோட் போட்டு, சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டி, கையுறையும் மாட்டியிருந்தார். வாங்கில் இருக்கிற முகத்தைவிட வயதான முகம். கண்ணுக்குக் கீழே பூச்சு வெடித்திருந்தது.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எழும்பி நின்றேன். எட்டு வருடமாகத் தயார் செய்த வசனங்கள் எல்லாம் தொண்டைக்கு வந்து வரிசையில் நின்றன.

"ஒண்டு கேக்கட்டோ? அந்த ரெண்டாவது ஆள். அவ பிறகு என்ன மாதிரி?"

"அவரைக் கலியாணம் கட்டினவ."

"அது விளங்குது. நல்லா இருந்தவையோ எண்டு கேட்டன்."

வசனங்களில் நல்லது ஒன்றை எடுத்து வீசியிருக்கலாம். எல்லாம் கூர் தீட்டி வைத்தவை. அவருடைய முகத்தைப் பார்த்தேன். வம்புக்குக் கேட்கவில்லை. வைத்தியரிடம் அறிக்கையைக் கேட்கிறவர் போல நின்றார்.

"இல்லை," என்றேன். "நல்லா இருக்கேல்லை. இடையில ஒருக்கா, பிரியிறதைப் பற்றி அவ லோயருக்கு எழுதிக் கேட்டிருக்கிறா."

"போனவவோ?"

"போகேல்லை. கடைசிவரைக்கும் இருந்தவ."

"ஏன்?"

"புத்தகத்தில அது இல்லை."

வசந்தி தலையாட்டினார். கையுறையில் ஒன்றைக் கழற்றி மற்றக் கையில் பிடித்துக்கொண்டார். அவரிடம் கேட்க எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கேட்காமல் விட்டதுதான் அன்று நான் செய்த ஒரே மரியாதை.

வெளியே கார் ஹோர்ன் அடித்தது. இரண்டு சின்ன அடி, ஒரு நீண்ட அடி. அந்த அடி எனக்கும் தெரியும். பத்தொன்பது வருடம் அதற்குச் செருப்புத் தேடி ஓடியிருக்கிறேன்.

"உங்களைத்தான்," என்றேன்.

"ஓம்." அவர் வாசல் பக்கம் திரும்பவில்லை. "அக்கா, மாஸ்டர் கார் இலக்கம் வாசிச்ச நேரம் நீங்கள் வாசிச்ச துண்டு எனக்குக் கேக்கேல்லை. அதை மட்டும் ஒருக்கா வாசிப்பியளோ?"

மண்டபக்காரரைப் பார்த்தேன். கீபோட்டின் வயரைச் சுருட்டப்போனவர் ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து நிமிடம். நான் கீபோட்டின் முன் இருந்தேன். கட்டையைக் காலுக்குள் இழுத்து, ஒரு காலால் மிதித்தபடி மறுகாலால் அணைபோட்டேன். முதல் சுரத்தைத் தொட்டேன்.

ஹோர்ன் மறுபடி அடித்தது.

வசந்தி கோட்டின் சிப்பைக் கீழ்வரை இழுத்தார். கோட்டைக் கழற்றி மடித்து ஒரு கதிரையில் போட்டுவிட்டு, பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.